டார்க்கஸுக்கு வந்த சாட்சி

நம்புகிறவர்கள் நம்பலாம், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மாலுமிகளின் அழுக்குச் சட்டையைத் துவைத்துப் பிழைக்கிறவள் நான். உட்கார்ந்து கதை கட்ட எனக்கு நேரம் ஏது? ஆனால் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, இந்தக் கையால் தொட்டதை இல்லையென்று சொல்ல மாட்டேன். பேய் என்றால் பாதி ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ தெரியாது. எங்களிடம் அது பட்டப்பகலில் வந்தது. கதவைத் தட்டிவிட்டு வந்தது.

ராதர்ஹித்தில், ஆற்றங்கரைச் சந்து ஒன்றில், ஒரு மாடியறை எனக்கும் டார்க்கஸ் டிரான்டருக்கும் பொது. நடுவில் ஒரு கிழிந்த கப்பல் பாய்த்துணியைத் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பக்கம் அவளும் அவள் மகள் பெஸ்ஸும், இந்தப் பக்கம் நானும் என் துணி மூட்டைகளும். அவள் புருஷன் சைலஸ் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவன். நல்லவன், கொஞ்சம் வாயாடி. ஒரு சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனான். ராஜாவின் போர்க்கப்பல்களுக்கு ஆள் பிடிக்கிற கும்பல் படித்துறையில் நின்றிருக்கிறது. தடியால் மண்டையில் ஒன்று போட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரொட்டி மட்டும் படியில் கிடந்தது, அதை நான்தான் எடுத்து வந்தேன். பெஸ் அப்போது வயிற்றில் இருந்தாள்.

பிடிபடுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியத்தைத்தான் சைலஸும் செய்தான். பொய்ப் பெயர் சொன்னான். தப்பி ஓடினால் பின்னாலேயே வீடு தேடி வரக்கூடாதே என்று. கப்பல் கணக்கில் அவன் பெயர் டோபியாஸ் லன். ஓடத்தான் வாய்க்கவில்லை. 'டெம்பரன்ஸ்' என்ற அந்தக் கப்பல் நாலு வருஷம் அவனை வேலை வாங்கி, மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோனது. அங்கே மஞ்சள் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது.

அவன் செத்த செய்தியும் அவனுடைய உயிலும் வேறொரு கப்பல் வழியாக வந்து சேர்ந்தன. 'டோபியாஸ் லன் ஆகிய நான், எனக்கு வரவேண்டிய சம்பளம் முழுவதையும் ராதர்ஹித் டார்க்கஸ் டிரான்டருக்குக் கொடுக்கிறேன்.' கீழே, எழுதத் தெரியாதவன் கையெழுத்துக்குப் பதிலாகப் போட்ட அவன் கீறல். அதற்குக் கீழே இரண்டு சாட்சிகள். ஒருவர் கப்பல் வைத்தியர். மற்றவன் கிடியன் கிரேக் என்ற மாலுமி. வைத்தியரும் காய்ச்சலில் போய்விட்டாராம். கிடியனைப் பற்றித் தகவல் இல்லை.

டார்க்கஸ் அந்த உயிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து உயில் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"லன் உனக்கு என்னம்மா வேணும்?"

"என் வீட்டுக்காரருங்க."

"உன் பேரு டிரான்டர்னு போட்டிருக்கே?"

"அவரும் டிரான்டர்தாங்க, ஐயா. பிடிச்சப்போ பொய்ப் பேரு சொல்லிட்டாரு."

"நல்லா இருக்கு கதை! ராஜாகிட்ட பொய் சொன்னவன் சம்பளத்த ராஜாகிட்டயே கேக்க வந்திருக்கியா?"

அறையே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி மிதித்திருப்பேன். சிரித்து முடித்த பிறகு மனிதர் ஒரு வழி சொன்னார். "அவன் கீறல் போட்டதக் கண்ணால பார்த்தவன் வந்து சத்தியம் பண்ணணும். லன்னும் உன் புருஷனும் ஒரே ஆளுன்னு சொல்லணும். அப்பதான் உயில் செல்லும். இன்னொண்ணும் கேட்டுக்கோ. மாலுமி உயில்ல பொய்ச்சாட்சி வச்சா இப்பல்லாம் தூக்கு."

சம்பளம் வராவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் சந்துக்கே தெரியும். ஏழை விடுதி. அங்கே தாயை ஒரு பக்கம், பிள்ளையை ஒரு பக்கம் வைப்பார்கள். பெஸ்ஸுக்கு இன்னும் அம்மாவின் மேலங்கி நுனி கையில் இருந்தால்தான் தூக்கம் வரும். "அவள மட்டும் விடமாட்டேன் அக்கா," என்று டார்க்கஸ் தினமும் சொல்வாள். வேறு எதற்கும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

நவம்பர் வந்தது. பனிமூட்டம் ஆற்றிலிருந்து எழும்பி ஜன்னலை அடைத்துக்கொண்டது. மாதாகோயில் மணி பகல் பன்னிரண்டு அடித்து ஓய்ந்த நேரம்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது.

டொம்... டொம்... டொம்...

யாரோ இரும்புப் பெட்டியை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைப்பது போல இருந்தது. பிறகு கதவு தட்டப்பட்டது.

திறந்தேன். மாலுமி ஒருவன் நின்றான். நல்ல உயரம். அந்தக் குளிரில் மெல்லிய வெள்ளைக் கால்சட்டை, திறந்த சட்டை. உடம்பெல்லாம் ஈரம்.

"டார்க்கஸ் அண்ணி வீடு இதானே? நான் கிடியன் கிரேக். சைலஸோட கூட்டாளி."

டார்க்கஸ் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. சைலஸ் என்ற பெயர் கப்பலில் யாருக்குத் தெரியும்? உயிர்க் கூட்டாளிக்கு மட்டும்தானே தெரியும்! அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு கையை எடுத்துத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அடுப்புப் பக்கம் உக்காருங்க தம்பி. பீர் தரட்டுமா?"

"வேண்டாம் அண்ணி. சத்தியம் எங்க பண்ணணும்? அதுக்குத்தான் வந்தேன்."

"மழையே இல்லையே, எங்க நனைஞ்ச?" என்றேன் நான்.

அவன் மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

பெஸ்ஸைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். படகில் அவன் கால் வைத்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. படகுக்காரன் கத்தினான். "என்னடா டேய், பீரங்கிய முழுங்கிட்டு வந்தியா? நடுவுல உக்காரு!"

நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

ஆற்றின் நடுவில் குளிர் எலும்பைத் துளைத்தது. எங்கள் மூன்று பேர் வாயிலிருந்தும் புகை வந்தது.

அவன் வாயிலிருந்து வரவில்லை.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வந்த அதிர்ஷ்டத்தைக் காலால் எட்டி உதைப்பாளா ஒருத்தி என்பார்களே, அந்த நிலைதான் எனக்கு.

நீதிமன்ற நடையில் காத்திருந்தோம். டார்க்கஸை உள்ளே கூப்பிட்டார்கள். அவனும் நானும் மட்டும் நின்றோம். அவன் மறுபடி மூக்கைத் துடைத்தான். அப்போதுதான் கவனித்தேன். மூக்கு நுனியில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

துணியில் நூல் தொங்கினாலே எனக்குக் கை சும்மா இருக்காது.

"நில்லு," என்று பிடித்து இழுத்தேன்.

வந்தது.

இன்னும் வந்தது.

இன்னும்...

விரல் நீளம், சாண் நீளம், ஒரு முழம். ஈரமாக, சில்லென்று. அவன் கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நன்றிக்கா," என்றான். "ரொம்ப நாளா உறுத்திச்சு."

நூலைச் சுருட்டி இடுப்புப் பையில் போட்டேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

டொம்... டொம்... என்று உள்ளே நடந்தான்.

"பேரு?" "கிடியன் கிரேக்." "கப்பல்?" "டெம்பரன்ஸ்."

குமாஸ்தா நிமிர்ந்தார். "அது இன்னும் தீவுகள்லதானே நிக்குது? நீ எப்படி வந்த?"

"என்னை முன்னாடியே இறக்கிட்டாங்க, ஐயா."

வேதப் புத்தகத்தை நீட்டினார்கள். சைலஸ் டிரான்டர்தான் டோபியாஸ் லன் என்றான். அந்தக் கீறல் தன் கண்ணெதிரே போட்டது என்றான். குனிந்து புத்தகத்தை முத்தமிட்டான்.

"வாயத் துடைய்யா! பாரு, அட்டையெல்லாம் தண்ணி," என்றார் குமாஸ்தா. ஆனாலும் எழுதிக்கொண்டார். உயில் ஏற்கப்பட்டது.

வெளியே வந்ததும் டார்க்கஸ் சிரித்தாள், அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள். படித்துறை வரை வந்தோம்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன் அண்ணி," என்றான் அவன். பனிக்குள் படியிறங்கினான்.

டொம்...

டொம்...

கடைசிப் படி தாண்டியும் சத்தம் நிற்கவில்லை.

டொம்... என்று தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது.

பிறகு ஒன்றுமில்லை. கீழே படகுக்காரன் ஒருவன் புகையிலை மென்றுகொண்டிருந்தான். யாரும் தன்னைத் தாண்டிப் போகவில்லை என்று சத்தியம் செய்தான்.

நான் டார்க்கஸிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லி என்ன? நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

சம்பளம் கைக்கு வருவதற்குள் 'டெம்பரன்ஸ்' ஊர் திரும்பியது. கிடியன் கிரேக் ஜூன் மாதமே செத்துக் கடலில் போடப்பட்டவன் என்று கப்பலே சொன்னது. மறுநாள் காலை காவலர்கள் வந்தார்கள். பெஸ் அம்மாவின் மேலங்கியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தார்கள்.

விசாரணை பால் ஆறுகிற நேரத்தில் முடிந்தது. ஒரு ஆள் வந்து சத்தியம் செய்தது உண்மை என்றார் குமாஸ்தா. அப்படியானால் கூலிக்குப் பிடித்த வேஷக்காரன்தான் என்றார்கள். கப்பல் பாய் தைக்கிற ஆம்ப்ரோஸ் என்ற மாலுமி கூண்டிலேறி, "கிடியனத் துணியில வச்சுத் தைச்சவனே நான்தாங்க," என்றான். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். வாயில் புகை வராத கதையைக் கேட்டு நீதிபதி சிரித்தார். பைத்தியம் என்று தோன்றியதால் என்னை விட்டுவிட்டார்கள். டார்க்கஸ் கடைசி வரை வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வருவான் என்று நினைத்தாள்.

வரவில்லை. தூக்கு என்று தீர்ப்பு வந்தது.

வெளியே ஆம்ப்ரோஸை மடக்கினேன். "நல்லா இருப்பியாடா நீ? ஒரு பிள்ளைய அநாதையாக்கிட்டியே!"

"உள்ளதத்தானேக்கா சொன்னேன்."

"உள்ளது எனக்கும் தெரியும். அவன் மூக்குல தொங்கின நூல இழுத்தவ நான்."

அவன் முகம் வெளுத்தது. "என்ன நூல்?"

எடுத்துக் காட்டினேன். பையிலேயே கிடந்தும் அது காயவில்லை. வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த நீலம் என் தொட்டியில் நான் தோய்த்த நீலம். டார்க்கஸ் சைலஸுக்குப் பின்னிய காலுறையின் கம்பளி.

ஆம்ப்ரோஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான். "செத்தவன் காலடியில ரெண்டு பீரங்கிக் குண்டு வச்சுத் தைப்போம். கடைசித் தையல மூக்கு வழியா போடுவோம். நெசமாவே செத்துட்டானான்னு பார்க்க. அன்னிக்கு ஏகப்பட்ட பிணம். கிடியனோட கடைசித் தையலுக்கு நூல் தீர்ந்துபோச்சு. பக்கத்துல காய்ச்சல்ல கிடந்த லன் தன் காலுறையக் கழட்டித் தந்தான். 'இதப் பிரிச்சுத் தைச்சுக்கோ'ன்னான்."

இருவரும் நீதிபதி வீட்டுக்கு ஓடினோம். வாயிற்காவலன் ஆம்ப்ரோஸை மேலும் கீழும் பார்த்தான்.

"அவன் செத்துட்டான்னு காலைல கோர்ட்டுல சத்தியம் பண்ணின. இப்போ வந்தான்னு சொல்ற. செத்தானா, வந்தானா?"

"ரெண்டும்தாங்க," என்றான் ஆம்ப்ரோஸ்.

கதவைச் சாத்திவிட்டான்.

திங்கட்கிழமை டார்க்கஸைத் தூக்கிலிட்டார்கள். பெஸ்ஸை ஏழை விடுதிக்காரர்கள் கொண்டுபோனார்கள். இரண்டு முறை போனேன். உறவுக்காரி இல்லை என்று என்னை உள்ளே விடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, ஆம்ப்ரோஸ் என் பக்கத்தில் வந்து நின்றான். குடித்திருந்தான்.

"ஒண்ணு கோர்ட்டுல சொல்லலக்கா. அவங்க கேக்கல, நானும் சொல்லல. அந்த உயில் என்னைக்கு எழுதினது?"

"புதன்கிழமைன்னு போட்டிருந்துச்சு. ஏன்?"

"நான் கிடியனத் தைச்சுக் கடல்ல விட்டது செவ்வாய்க்கிழமை."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"புதன் சாயங்காலம் வைத்தியர் உயிலெழுத லன்கிட்ட உள்ள போனாரு. சாட்சிக்கு இன்னொரு ஆளு வேணும்னு என்னைக் கூப்பிட்டாரு. நான் போறதுக்குள்ள அவரே வெளிய வந்து, 'நீ வேண்டாம், கிரேக் போட்டுட்டான்'னாரு. அவருக்கும் காய்ச்சல், உளர்றாருன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரியே செத்துட்டாரு."

அவன் என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தான்.

"உள்ள எட்டிப் பார்த்தேன்க்கா. லன் சிரிச்சுக்கிட்டே படுத்திருந்தான். அவன் பக்கத்துல தரை முழுக்கத் தண்ணி."