ஒன்பதாவது ரீலில் கணக்கு சரியாக வந்தது

பெங்களூரில் படம் பார்க்கப் போனால், படம் தொடங்குவதற்கு முன்பே ஒரு கூச்சல் எழும். திரையில் தணிக்கைச் சான்றிதழ் வந்து நிற்கும் அந்த ஏழெட்டு விநாடியில், அதில் போட்டிருக்கும் ரீல் எண்ணிக்கையை ஜனங்கள் உரக்கப் படிப்பார்கள். முன்வரிசையிலிருந்து "ஹதினேளு!" என்று கன்னடம், நடுவிலிருந்து "பதினேழுடா!" என்று நம் தமிழ், பின்னாலிருந்து "சத்ரா!" என்று உருது. ரீல் அதிகம் என்றால் கைதட்டு. பதினான்குக்குக் கீழே போனால் ஏமாந்தவர்களைப் போல உச்சுக்கொட்டுவார்கள். குடியாத்தத்தில் நான் படம் பார்த்த நாட்களில் சான்றிதழை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் எல்லாரும் முறுக்கு வாங்குவார்கள். இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது, கூச்சல் பழகிவிட்டது. ஆனால் நான் படிப்பது ரீலை அல்ல, அதற்குக் கீழே இருக்கும் அடிக்கணக்கை. பிறகு இடது பக்கத்துக் கீழ் மூலையைப் பார்ப்பேன். வெட்டு வாங்கிய படமென்றால் இப்போதெல்லாம் அங்கே ஒரு சின்ன முக்கோணம் போடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி சரஸ்வதி, "படிச்சாச்சா? இனிமே நாங்க படத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்பாள்.

குடியாத்தத்தில் நான் கணக்கு வாத்தியார். சுதந்திரம் வந்த மறு வருடம் பள்ளி நிர்வாகத்தோடு ஒரு தகராறு, வேலை போயிற்று. எங்கள் தெருக்காரர் தணிகாசலம் அப்போது பெங்களூர் காந்திநகரில் பட விநியோக ஆபீஸ் வைத்திருந்தார். "வாங்க வாத்தியாரே, எண்ணத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வேணும்" என்று எழுதினார். நாற்பத்து மூன்று வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். ஒரு படத்தின் பிரிண்ட் ஓர் ஊரிலிருந்து திரும்பி வந்தால், அடுத்த ஊருக்குப் போகுமுன் ஒவ்வொரு ரீலையும் சுற்று மேசையில் ஓட்டி, விளிம்பில் விரல் வைத்து, பிய்ந்த துளைகளையும் ஒட்டுகளையும் எண்ணி, மீட்டரில் அடியை அளந்து, சான்றிதழில் உள்ள அடியோடு ஒப்பிட வேண்டும். தணிக்கையில் வெட்டச் சொன்ன துண்டு உள்ளே இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியோடு அனுப்ப வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எந்தத் தியேட்டரும் எங்கள் பெட்டியைத் திறக்காது. கன்னடக்காரர்கள் என்னை "மேஷ்ட்ரு" என்றார்கள். வாத்தியார் வேலை போன பிறகும் பட்டம் போகவில்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

இந்த வேலையில்தான் இரண்டு ஊர்களின் வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. நம் ஊரில் சட்டம் என்றால் அது ஓர் ஆள். அவர் யாருடைய மாமா, எந்த வேளையில் சாப்பிடப் போவார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் எழுந்து போன பிறகு டாக்கீஸில் வெட்டிய நடனம் திரும்பி வரும், எல்லாரும் விசிலடிப்பார்கள், யாரும் தப்பென்று நினைப்பதில்லை. பெங்களூரில் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. வந்தேறிக்கு இருக்கும் ஒரே சொந்தம் காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். தெரியாத ஊரில் என் பெயரை யாரோ நம்பினார்கள் என்றால், அது அந்தத் தாளின் அடியில் இருந்ததால்தான்.

நான் வந்து ஏழு வருடம் கழித்து, ஒரு பொங்கலை ஒட்டி, ஒரு தமிழ்ப் படம் கண்டோன்மென்டில் ஒரு தியேட்டருக்கு வருவதாக இருந்தது. நம்மவர்கள் தண்டு என்று சொல்லும் அந்தப் பகுதி முழுக்க நம் ஜனம்தான். மில் ஆட்கள், பட்டாளத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள், சர்ச்சை ஒட்டிய குடும்பங்கள். அந்தப் படத்தின் ஒன்பதாவது ரீலில் ஒரு நடனத்தை, நூற்றுப் பன்னிரண்டு அடியை, தணிக்கைக்காரர்கள் வெட்டச் சொல்லியிருந்தார்கள். திரையில் ஓடினால் எழுபத்தைந்து விநாடிகூட வராது. வெட்டிய துண்டை போர்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் பெங்களூரில் மட்டும் அந்த நடனம் உண்டாம் என்று இரண்டு வாரமாகவே டீக்கடைகளில் பேச்சு. நான் சிரித்துக்கொண்டேன். என் மேசையைத் தாண்டி எந்த நடனம் போய்விடும்?

கோலார் தங்கவயலில் நான்கு வாரம் ஓடிவிட்டு பிரிண்ட் புதன்கிழமை என் மேசைக்கு வந்தது. பதினேழு ரீல்; அளந்தேன். சான்றிதழில் 16,438 அடி. மீட்டரில் 16,438 அடி. ஓர் அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாம் தடவை அளந்தேன், அதே கணக்கு. அன்று எனக்கு வந்த திருப்தியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தாளில் கையெழுத்தைப் போட்டு, அடியில் வழக்கமில்லாமல் ஒரு கோடும் இழுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபரேட்டர் கரீம் பாய் சைக்கிளை ஆபீஸ் வாசலில் சாய்த்துவிட்டு மாடியேறி வந்தார். பிரேசர் டவுனில் குடியிருப்பவர். அந்தத் தியேட்டரில் படம் ஓட்டுபவர். மேல்மூச்சு வாங்க என் எதிரில் உட்கார்ந்தார்.

"க்யா மாஸ்டர், ஒம்பதாவது ரீல்ல அந்தப் பொண்ணு எப்ப வந்துச்சு?"

"எந்தப் பெண்?"

"டான்ஸ் ஆடுற பொண்ணு. காலைல மெஷின்ல போட்டுப் பாத்தேன். வந்து நிக்குது, குனியுது, நிமிருது. தங்கவயல்ல ஓட்டுனது என் மச்சான்தான். இப்படி ஒண்ணு இருந்தா அவன் எனக்குச் சொல்லாம இருப்பானா?"

அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பெட்டித் தாளின் நகலை எடுத்து மேசைமேல் விரித்தேன். "கணக்கு சரியாக இருக்கிறது, பாய்."

"கணக்கு சரி. படம்தான் சரியில்ல. லெட்டர் படிக்கிற சீன் ஒண்ணு இருக்குன்னு மச்சான் சொன்னான், அத்த காணோம்." குரலைத் தாழ்த்தினார். "உங்க சைன் இருந்தா நான் ஒண்ணும் பாக்கவே மாட்டேன், மாஸ்டர். இன்னிக்கு சும்மா பாத்தேன். இன்ஸ்பெக்டர் வந்தா முதல்ல என் லைசென்ஸ்தான் போவும். உங்க பேனா போவாது."

நகலில் என் கையாலேயே எழுதியிருந்த ஒட்டுக் கணக்கு அப்போதுதான் என் கண்ணில் பட்டது. தங்கவயலுக்குப் போகும்போது இருபத்தேழு, திரும்பும்போது நாற்பத்தொன்று. பதினான்கு ஒட்டு கூடியிருக்கிறது. ஃபிலிம் அறுந்து ஒட்டும்போதெல்லாம் இரண்டு மூன்று ஃபிரேமாவது போகும். நான்கு வாரம் ஓடிய பிரிண்ட் குறையாமல் இருக்கவே முடியாது. சரியாக வந்த கணக்கே தப்புக்குச் சாட்சி. என் மாணவன் ஒருவன் இப்படி விடை எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். யார் செய்தது என்று யோசிக்கத் தேவையில்லை. ஒன்பதாவது ரீல் செவ்வாய்க்கிழமை முழுக்கத் தணிகாசலத்தின் அறையில் இருந்தது. முதலாளி ஆவதற்கு முன்னால் அவர் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் கட்டிங் அறையில் வேலை பார்த்தவர். நான் சான்றிதழோடு மட்டும்தான் ஒப்பிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கென்றே அளவெடுத்து வெட்டியிருக்கிறார்.

உள்ளே போனேன். மறைக்கவில்லை, சிரித்தார்.

"இன்னா வாத்தியாரே, அடி சரியா வந்துச்சு இல்ல?"

"அடி சரியாக இருக்கிறது. படம் வேறாக இருக்கிறது."

"கொஞ்சம் வெச்சேன், கொஞ்சம் எடுத்தேன். சர்க்காருக்கு ஒரு அடி நஷ்டமா, சொல்லுங்க. தண்டுல இருக்கறதெல்லாம் நம்ம ஜனம். ஊரு விட்டு ஊரு வந்து மில்லுல வேகறான். ஒரு நிமிஷம் ஆட்டத்தப் பாத்துட்டுப் போவட்டுமே. நூறு பேரு வயித்துப் பொழப்பு இந்தப் படத்துல இருக்கு."

"கரீம் பாய்க்கு லைசென்ஸ் போகும்."

"ஆபரேட்டர் வேற கெடைப்பான்."

"அப்படியானால் கையெழுத்தும் வேறு தேடிக்கொள்ளுங்கள். கடிதச் சீனைக் கொடுங்கள், ஒட்டிவிட்டு வருகிறேன். இல்லையென்றால் பெட்டித் தாளில் என் பெயரை அடித்துவிட்டு வருகிறேன்."

அவர் சிரிப்பு நின்றது. "உன்ன இங்க கூட்டியாந்தது யாருய்யா? தமிழ்ப் படத்துக்குத் தமிழனே குழி தோண்டறான்! உனக்கு இன்னா நோவுது?"

ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒருமையில் பேசினார். என்னைக் கூட்டி வந்தவர் அவர்தான். சரஸ்வதிக்கு டைஃபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவரும் அவர்தான். நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசியில் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை மேசைமேல் வீசினார். "எடுத்துக்கினு போ. திங்கக்கிழமையிலிருந்து வராத."

மாட்டினி இரண்டரை மணிக்கு. காந்திநகரிலிருந்து கண்டோன்மென்டுக்கு கரீம் பாயின் சைக்கிள் காரியரில் உட்கார்ந்து போனேன். மடியில் டப்பா, சட்டைப் பையில் ஃபிலிம் ஒட்டும் சிமெண்ட் குப்பி. மேட்டில் அவர் இறங்கித் தள்ள, நானும் இறங்கி நடந்தேன். "மாஸ்டர், வேலை போச்சா?" என்றார். போயிற்று என்றேன். மேடு ஏறியதும், "என் பொஞ்சாதி திட்டுவா. ஏன்யா பாத்தேன்னு கேப்பா" என்றார்.

தியேட்டர் வாசலில் கூட்டம் நெரிந்தது. மேனேஜர் பசப்பா, தும்கூர்க்காரர், என் கையில் டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடி வந்தார். "இன்னூ இதெயா, மேஷ்ட்ரே?" இன்னும் மிச்ச நடனத்தையும் நானே கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்! என் கன்னடம் அன்று பார்த்து நொண்டியது. "தெகீபேகு" என்றேன், எடுக்க வேண்டும் என்று. கையெழுத்துப் போட்டவரே எடுக்க வருவானேன் என்று அவருக்குப் புரியவில்லை. தாளை வாங்கி, என் கையெழுத்துக்குக் குறுக்கே கோடு போட்டு, "நான் அளந்தேன், பார்க்கவில்லை. தவறு என்னுடையது" என்று எழுதி, தேதி போட்டு அவரிடமே கொடுத்தேன். அதை இரண்டு தரம் படித்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு புரொஜக்டர் அறைக் கதவைத் தானே திறந்துவிட்டார்.

நடனம் வெளியே வந்தது. கடிதம் உள்ளே போனது. மீண்டும் அளந்தேன். சான்றிதழைவிடப் பதினொரு அடி குறைவு. அவ்வளவு அழகான குறைவை நான் அதுவரை கண்டதில்லை. புதுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டம் தொடங்க ஏழு நிமிடம் இருந்தது.

ஒன்பதாவது ரீல் வந்தபோது பின்சுவரில் சாய்ந்து நின்றேன். நடனம் வர வேண்டிய இடத்தில் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடிதம் படித்தார். கொட்டகை அதிர்ந்தது. "டேய், கெழவன எடுத்துட்டு அவள வுடுடா!" என்று ஒருவன். "எந்த வாத்திடா கை வெச்சான்?" என்று இன்னொருவன். அன்று பதினொரு நாற்காலிக் கைகள் உடைந்தன. நானே எண்ணினேன், அடிக்கணக்கில் குறைந்ததும் பதினொன்றுதான். இன்ஸ்பெக்டர் யாரும் வரவில்லை. அந்த வாரம் முழுக்கவே யாரும் வரவில்லை. வெளியே எடுத்த நடனத் துண்டை ஒரு காகிதத்தில் சுற்றி, போர்டுக்குச் சேர்க்க வேண்டியது என்று எழுதி, தணிகாசலத்தின் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வீட்டில் இருந்தேன். சரஸ்வதி அரிசி களைந்துகொண்டே, "ஊருக்குப் போறதுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தணிகாசலமே வாசலில் வந்து நின்றார். வேறொரு படத்தின் பெட்டியை அவர் பசப்பாவுக்கு அனுப்பியிருந்தார். பசப்பா அதைத் திறக்காமலே திருப்பிவிட்டாராம். தாளைப் பார்த்துவிட்டு, "மேஷ்ட்ரு ருஜு எல்லி?" என்று கேட்டாராம். மேஷ்ட்ரு கையெழுத்து எங்கே என்று. கரீம் பாய் ஊரிலுள்ள ஆபரேட்டர்களிடமெல்லாம் சொல்லி, மேலும் இரண்டு தியேட்டர்களிலிருந்து இதே கேள்வி வந்துவிட்டது. தணிகாசலம் உள்ளே வரவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே, "பெட்டி மேசையில இருக்கு, வாத்தியாரே" என்றார். பிறகு நாற்பத்தொரு நாள் என்னோடு பேசவில்லை. என் மேசையில் ஒரு பூதக்கண்ணாடியும் விளக்கும் மட்டும் சொல்லாமல் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு ஒட்டின் இருபக்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணினேன். ஓய்வு பெறும் வரை அப்படி என் கையைக் கடந்து போனவை 1,412 பெட்டிகள். ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போயிருந்தேன். டாக்கீஸ் இப்போது என் மைத்துனன் கையில். எனக்காக முன்னால் நாற்காலி போட்டான். படத்தின் நடுவே, சான்றிதழில் இல்லாத ஒன்று திரையில் ஆடியது; கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு விநாடி. சுற்றிலும் விசில். நான் எழுந்து வெளியே வந்து நின்றேன். "பெங்களூர்க்காரருக்கு நம்ம படம் புடிக்கல போல" என்று டிக்கெட் கிழிப்பவன் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். ஜட்காக்காரன் இன்னொருவனிடம், "மெட்ராஸ் மேஷ்ட்ரு பந்த்ரு" என்றான், மெட்ராஸ் வாத்தியார் வந்தாச்சு என்று.

நேற்றும் படத்துக்குப் போனோம். மேலே இன்னமும் கரீம் பாய்தான். பிரிண்ட் எவ்வளவு பழசானாலும் சான்றிதழ் வரும் அந்தப் பத்தடியை மட்டும் அவர் ஒரு ஃபிரேம்கூட அறுந்துபோக விடுவதில்லை. "ஹதினாறு!" "பதினாறு!" "சோலா!" என்று கொட்டகை கத்தியது. நான் மூலையைப் பார்த்தேன், முக்கோணம் இருந்தது. படத்தில் ஏதோ வெட்டியிருக்கிறது என்றுதான் அது சொல்லும். வெட்டியது என்ன என்று சொல்லாது. எனக்கும் ஒரு சான்றிதழில் நீளத்தை எழுதச் சொன்னால் குடியாத்தத்தில் நாற்பத்து மூன்று, பெங்களூரில் பத்தொன்பது, ஆக அறுபத்திரண்டு வருடம். ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது. அதன் எந்தப் பக்கம் படம், எந்தப் பக்கம் வெட்டிய துண்டு என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. "படிச்சாச்சா?" என்றாள் சரஸ்வதி. விளக்கு அணைந்தது.