மூன்று அறைக் காயைத் தேடி அடையாறு

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கிறேன். எங்கள் வரிசைப் பெண்களில் பாதிப்பேர் அடையாறு போனதில்லை. நானும் எழுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசியில்தான் முதல் தடவை போனேன். போனதைச் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் கீரை வராது. வந்தாலும் அழுகும். இரண்டு மாதம் கூடை காலி. எங்கள் சந்தில் குடியிருக்கும் செல்வராசு, அடையாற்றில் ஒரு கல்லூரியில் அட்டெண்டர். செடிப்பாடம் நடத்தும் கூடத்தில் வேலை. அங்கே செடி கொண்டுவந்து தந்தவர் ஊருக்குப் போய்விட்டாராம். "செடி குடுத்த மறுநாளு பரீட்சை. மூணு செடிக் குடும்பம், குடும்பத்துக்கு ரெண்டு செடி. ஒவ்வொண்ணுலயும் இருபது வோணும். டீச்சருக்குப் புடிச்சிட்சின்னா வாராவாரம் உனுக்குத்தான்க்கா" என்றான். மழையில் முளைக்கிற செடிகள். மழையிலும் அடுப்பு எரியும். சரி என்றேன்.

முந்தின நாள் மாலை கூவம் கரையில் பறித்தேன். செல்வராசு சொன்ன ஆறு செடி: தும்பை, நாய்த்துளசி, மணத்தக்காளி, கண்டங்கத்தரி, கீழாநெல்லி, குப்பைமேனி. கழுவி, வேரை நறுக்கி, பூவைக் கிள்ளி, நாரால் கட்டினேன்.

காலை ஏழே கால். பஸ்ஸில் லஸ் வரை இருபது பைசா. கூடைக்குத் தனியாகப் பத்துப் பைசா.

"இன்னாமா, ஆட்டுக்கா?" என்றார் கண்டக்டர்.

"காலேஜுக்கு."

"அங்க ஆடுங்கோ வேற படிக்குதா?"

பஸ்ஸே சிரித்தது. நான் டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

லஸ்ஸில் வேறு பஸ். மயிலாப்பூரில் கடைகள் அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்தன. மந்தைவெளி தாண்டியதும் வீடுகள் விலகி நின்றன. அடையாற்றுப் பாலத்தில் காற்று கூடையைத் தூக்கப் பார்த்தது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் நிறைந்து ஓடியது. எங்கள் கூவத்தைவிட நாலு பங்கு அகலம். நாற்றம் இல்லை.

எட்டே முக்கால், கல்லூரி. நீள மேசைகள். மேசைக்கு மேசை பூதக்கண்ணாடி. டீச்சரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தார்.

"பூ எங்கம்மா?"

"கிள்ளிட்டேன்."

"ஏன்?"

"பூ வெச்சா முத்தல்னு யாரும் வாங்க மாட்டாங்கோ."

செல்வராசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டீச்சரம்மா கோபப்படவில்லை. "இலையைப் பார்த்து உறவு சொல்ல முடியாதும்மா. இலை ஏமாத்திடும். பூவும் காயும்தான் வேணும்" என்றார். கீழாநெல்லியில் இலைக்கு அடியில் நான் கிள்ளத் தவறிய காய் ஒன்று இருந்தது. மிளகைவிடச் சிறிசு. ஊசியால் பிளந்து கண்ணாடியில் காட்டினார். உள்ளே மூன்று அறை. "குப்பைமேனிக் காயும் இப்படித்தான். அதனால ரெண்டும் ஒரே குடும்பம்."

நான் கீழாநெல்லியை மஞ்சள்காமாலைக்கு விற்பேன். குப்பைமேனியைச் சிரங்குக்கு விற்பேன். இரண்டையும் சேர்த்து நினைத்ததே இல்லை.

"மூணு மணிக்குள்ள பூவோட கொணாந்தா எடுத்துக்குவீங்களா?" என்றேன்.

"எடுத்துக்கறேன். வரலைன்னா தோட்டக்காரர் ஒருத்தரைக் கூப்பிடணும். அப்புறம் வருஷம் பூரா அவர்தான்."

வழி கேட்டுக் கோட்டூர்புரம் ஆற்றங்கரைக்கு நடந்தேன். ஒன்றரை மைல். போய்ச் சேரும்போது பத்து மணி. இராத்திரி ஆறு ஏறி இறங்கியிருந்தது. தாழ்ந்த கரை முழுக்கச் சேறு. ஒரு பாய் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா தேடிக்கினு கீறே?"

சொன்னேன்.

"பூவோடயா? என் ஆடுங்கோ மொதல்ல பூவத்தான் துன்னும். அந்த இடிஞ்ச செவுத்துக்கு அந்தாண்ட போ. அங்க இதுங்களால ஏற முடியாது."

சுவருக்குப் பின்னால் மேடு. தும்பை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நாய்த்துளசி, மணத்தக்காளி, கண்டங்கத்தரி கிடைத்தன. முள் குத்தியது. கீழாநெல்லி இருபது எண்ணினேன். வேரோடு எடுத்தேன். குப்பைமேனி மட்டும் இல்லை. கீழே இறங்கிப் பார்த்தேன். இருந்ததெல்லாம் சேற்றில் படுத்திருந்தது. பூ எது, மண் எது என்று தெரியவில்லை.

மணி ஒன்றே கால். பாய் கடிகாரம் பார்த்துச் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே ஆமணக்கு, எங்கள் பேச்சில் கொட்டமுத்து, ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. உச்சியில் பூ, பக்கத்திலேயே பச்சைக் காய். ஆமணக்குக் காய்க்குள் முத்து மூன்று. விளக்கெண்ணெய் எடுக்கிற வீட்டில் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எழுந்துபோய் ஒன்றைப் பறித்து நகத்தால் பிளந்தேன். மூன்று அறை. கீழாநெல்லிக் காயையும் பிளந்தேன். கண்ணாடி இல்லை. ஆனால் பார்த்த கண்ணுக்குத் தெரிந்தது.

ஒன்று என் முழங்காலுக்கு வராது. மற்றது என் தலைக்கு மேல். ஒரே குடும்பம் என்றால் யார் நம்புவார்?

"பாய், இத்த நாலு கொம்பு வளச்சிக் குடு."

"கொட்டமுத்தா? அத்தயா கேட்டாங்கோ?"

"கேக்கல."

"அப்பறம்?"

"வளையேன் பாய்."

சிரித்துக்கொண்டே வளைத்தார். இருபது கொத்து ஒடித்தேன்.

இரண்டு ஐம்பதுக்குக் கல்லூரி. தலையில் ஆமணக்கோடு வந்த என்னைப் பார்த்து, "யக்கா, இன்னாத்துக்கு இது?" என்று செல்வராசு அலறினான். கூடையை இறக்கினேன். மேசையில் மூன்று குவியலாக வைத்தேன். மூன்றாவதில் கீழாநெல்லியும் ஆமணக்கும்.

"குப்பைமேனி கெடைக்கல. இதுலயும் மூணு அறை கீது" என்றேன்.

டீச்சரம்மா காயை வெட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"காய்தான்."

"சரிதான். ஒரே குடும்பம். பசங்க இதுலதான் தப்பு பண்ணுவாங்க. நாளைக்கு இதையே வைக்கிறேன்." பிறகு நோட்டில் எழுதிக்கொண்டே, "திங்களும் வியாழனும் வந்துடுங்க. ஏப்ரல் வரைக்கும்" என்றார்.

செல்வராசு டீ வாங்கித் தந்தான்.

நாலரை மணி பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் முகச்சாடை பார்த்துத்தான் யாருக்கு யார் சொந்தம் என்போம். அங்கே உள்ளே திறந்து பார்த்துச் சொல்கிறார்கள். எங்கள் வழியில் நானும் எத்தனையோ பேரைத் தப்பாகச் சொல்லியிருப்பேன்.

மவுண்ட் ரோட்டில் மழை பிடித்தது. பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலை இழுத்து மூடினார்கள். நான் மூடவில்லை. நன்றாகப் பெய்யட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.