மூலைக் கேலரியின் முதல் குரல்

ஒரே ஒரு தட்டு. உள்ளங்கைகள் இரண்டையும் லேசாகக் குவித்து, மார்புக்கு நேரே வைத்து, பட்டென்று ஒன்று. பிறகு தலையை வலப்பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆட்டம் தொடங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. முப்பதாயிரம் நாற்காலிகளும் மடங்கியபடி கிடக்கின்றன. புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய் தன் பாட்டுக்குச் சுற்றுகிறது. அவர் கண்ணைத் திறந்து, "இங்க வராது தம்பி" என்கிறார். பத்துப் படி இறங்கி இன்னொரு தட்டு. "இங்கயும் வராது." வரவேண்டியது சத்தம். கையை விட்டுப் போன சத்தம் எதிலாவது முட்டித் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார்.

அவர் பேசுவதைக் கேட்க நாம் கொஞ்சம் குனிய வேண்டும். காற்றும் குரலும் பாதிப் பாதி கலந்த பேச்சு. அது அப்படி ஆன கதையைப் பிறகு சொல்கிறேன்.

வயது ஐம்பத்தைந்து. ஒல்லி. காது மட்டும் உடம்புக்கு ஒரு அளவு பெரியது. லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் மற்ற மெக்கானிக்குகள் கருவிப் பையைத் திறப்பார்கள். இவர் லிஃப்டில் ஏறி இரண்டு தடவை மேலும் கீழும் போய்விட்டு வருவார், சுவரில் காதை ஒட்டவைத்தபடி. "நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல இருமுது பாருங்க" என்பார். திறந்து பார்த்தால் லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தில் அந்த இடத்தில்தான் தேய்மானம் இருக்கும். நல்ல லிஃப்ட் எது என்று கேட்டேன். "ஏறுறவன் வீட்டுக் கவலையை நினைச்சுக்கிட்டே போகணும். லிஃப்டை நினைச்சான்னா அது கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்."

எங்கள் கேலரியில் அவருக்குப் பெயர் முதலடி. கோஷத்தின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் என்பதால். பழைய மைதானத்தில் எங்கள் அணி தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்ற வருடம் அவரே கட்டிய கோஷம் அது. "மழை பெஞ்சா?" என்று அவர் கேட்பார். "வருவோம்!" என்று கூட்டம் சொல்லும். "வெயில் அடிச்சா?" "வருவோம்!" "மூணு கோல் வாங்கினா?" என்று இழுப்பார். "அடுத்த வாரமும் வருவோம்!" இதில் கவிதை ஒன்றும் இல்லை. ஆனால் ஆறாயிரம் பேர் தகரக் கூரைக்கு அடியில் நின்று அந்த மூன்றாவது பதிலைச் சொன்னபோது எதிரணி கோல்கீப்பர் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறார்.

கால்பந்தில் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது சந்தேகம். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டால், "அது கொடி வச்சிருக்கவரோட கவலை" என்பார். ஆட்டம் நடக்கும்போது அவர் பார்ப்பது பந்தை அல்ல, கூட்டத்தை. எங்கே தோள் தொங்குகிறது, எங்கே யார் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். "பந்து அவங்க வேலை. சத்தம் நம்ம வேலை. அவங்க வேலையில நாம தலையிடக் கூடாது."

பிறகு புது ஸ்டேடியம் வந்தது. பழையதைப் பற்றி அவர் ஒருநாளும் புலம்பியதில்லை. "அது ஒரே நாத்தம். கழிவறைக்குப் போனா செருப்பைக் கழுவணும். கூரை மட்டும் நல்ல கூரை, கைக்கு எட்டுற தூரம்" என்பார். புதியதில் எல்லாம் சுத்தம். ஆளுக்கு ஒரு எண் போட்ட நாற்காலி. கண்ணாடிபோலத் தரை. ஆனால் டிக்கெட்டை கணினி பங்கு போட்டுக் கொடுத்ததில், இருபது வருடம் தோளோடு தோள் நின்றவர்கள் வெவ்வேறு திசைக்குப் போய்விட்டார்கள். கூரையோ வானத்தில் இருந்தது.

முதல் மாதம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. இரண்டாம் மாதம் பாதியானது. மூன்றாம் மாதம் நிர்வாகம் ஒரு காரியம் செய்தது: ஒலிபெருக்கியில் பதிவு செய்த ஆரவாரத்தை ஓடவிட்டது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "யாரோட தொண்டையோ" என்றார். "யாருக்காகக் கத்தினதோ. அதை எடுத்துட்டு வந்து இங்க போடுறாங்க."

அந்த இரைச்சல் ஓய்ந்த ஒரு இடைவெளியில் எழுந்து நின்று, "மழை பெஞ்சா?" என்று கேட்டார். அவருக்கு முன்வரிசையில் புதிதாக வந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி மரியாதையாகவே சொன்னார்: "சார், கொஞ்சம் உக்காருங்களேன், மறைக்குது." உட்கார்ந்துவிட்டார். நான் அப்போது அவருக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். அந்த ஆட்டம் முடியும்வரை அவர் காது சிவப்பாகவே இருந்தது.

வேறொருவராக இருந்தால் வீட்டோடு இருந்திருப்பார். இவர் அடுத்த ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கைதட்டல்; இன்றுவரை விடவில்லை. வாயிலில் நிற்கும் பணியாளர் அம்மாள், "என்ன சார், கொசுவா?" என்று கேட்டாராம். ஆறு ஆட்டங்களில் முழு அரங்கத்தையும் தட்டிப் பார்த்து முடித்தார். கிழக்கு மூலையில், மேல்தளப் படிக்கட்டு சுவரை ஒட்டித் திரும்பும் இடத்தில், கான்கிரீட் மேற்கூரை தாழ இறங்குகிறது. விளக்குக் கம்பம் ஒன்று மறைப்பதால் அங்கே டிக்கெட் விற்பதே இல்லை. அங்கே தட்டிய தட்டு திரும்பி வந்தது. "ஒண்ணு குடுத்தேன், ரெண்டாக் குடுத்துச்சு" என்று அன்று மாலை என்னிடம் சொன்னபோது, முகத்தில் மாப்பிள்ளைக் களை.

அப்புறம் ஆள் சேர்க்கும் வேலை. ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு திசைக்குப் போய்ப் பழைய ஆட்களைத் தேடினார். ஒரு தையல்காரர், இரண்டு செவிலியர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று பதினாறு பேர். "மூலைக்கு வாங்க. ஆட்டம் சரியாத் தெரியாது. ஆனா நம்மளைத் தெரியும்." டிக்கெட் கவுண்டரில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல இருக்கையைக் கொடுத்துவிட்டுக் கம்பத்துக்குப் பின்னால் இருக்கை கேட்டு வரிசையில் நிற்கும் மனிதர்களை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

பதினாறு பேர் சொன்ன "வருவோம்" அந்தச் சுவரில் முட்டி அறுபது பேராகத் திரும்பியது. இரண்டு மாதத்தில் அந்த மூலை நிரம்பியது. "மறைக்குது" என்று சொன்ன பெண்மணிகூட ஒருநாள் தன் கணவருடன் அங்கே வந்து நின்றார். நிர்வாகம் சத்தம் போடாமல் ஒலிபெருக்கியை நிறுத்தியது.

அந்த நேரம் பார்த்து அவருடைய தொண்டை கைவிட்டது. ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த கூட்டாளிக்கு "நிறுத்து" என்று கத்தினார். குரல் வாயை விட்டே வெளியேறவில்லை. ஸ்பேனரால் இரும்புத் தண்டவாளத்தைத் தட்டித் தட்டித்தான் இறங்கி வந்த லிஃப்டை நிறுத்தினார். குரல்நாணில் முடிச்சு. பயப்படும்படியான முடிச்சு இல்லை, ஆனால் அறுவை சிகிச்சை வேண்டும். மூன்று மாதம் பேச்சே கூடாது. பிறகு மெதுவாகப் பேசலாம். கத்துவது மட்டும் இனி எப்போதும் கூடாது என்று மருத்துவர் சொன்னார். "உற்சாகம் வந்தா கை தட்டுங்களேன்" என்றும் ஆறுதல் சொன்னார். இவர் சட்டைப் பையிலிருந்து லிஃப்ட் பராமரிப்புச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: "கைக்கு வார்த்தை தெரியாது டாக்டர்."

இந்த இடத்தில் அவர் மனைவியைச் சொல்லியாக வேண்டும். சின்னப் பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியை. குள்ளமான, சுறுசுறுப்பான பெண். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. காரணம் எளிது. "அந்தப் பழைய மைதானத்துல பொம்பளைங்களுக்கு டாய்லெட்டே கிடையாது. ரெண்டு மணி நேரம் அடக்கிக்கிட்டு யாரு கோலைப் பாக்குறது?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த மூன்று மாதமும் முதலடி வீட்டில் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பார்த்தார் என்றால், படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டார். ஒருநாள் சீட்டில் எழுதி மனைவியிடம் நீட்டினார்: "மூலை செத்துக் கிடக்கு."

"போய்ட்டுத்தான் வாங்களேன். யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"போனா வாய் சும்மா இருக்காது" என்று எழுதினார்.

"அப்ப நானும் வர்றேன், காவலுக்கு. பொம்பளைங்களுக்கு இடம் இருக்கா அங்க?"

"இருக்கு. கண்ணாடியோட."

அப்படித்தான் அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூலைக் கேலரிக்கு வந்தார். கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டார். பார்ப்பவர்களுக்குப் பாசமாகத் தெரிந்திருக்கும். அது பிரேக்.

அன்றைக்கு எதிரணி முதலில் ஒரு கோல் போட்டது. எங்கள் மூலையில் தபால்காரர் எழுந்து ஆரம்பித்தார். எடுத்த எடுப்பிலேயே குரலை உச்சத்துக்குக் கொண்டுபோனதில் அடுத்த வரிக்கு யாராலும் ஏற முடியவில்லை. தையல்காரர் ஆரம்பித்தார், சரியாக அதே நொடியில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் விழ, எல்லோரும் நடுவரைத் திட்டப் போய்விட்டார்கள். முதலடி நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். அவர் கழுத்து நரம்பு புடைப்பது பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. பந்து வெளியே போனது. எல்லோரும் மூச்சு வாங்கும் அந்த இரண்டு நொடி. அவர் வாயைத் திறந்தார்.

மனைவி ஒரு கையால் அந்த வாயைப் பொத்தினார். பொத்திய கையை எடுக்காமலே எழுந்து நின்றார்.

"மழை பெஞ்சா?"

இருநூறு பிள்ளைகளை விளையாட்டுத் திடலிலிருந்து வகுப்புக்குள் இழுத்துவரும் குரல் அது. கரகரப்பே இல்லாமல், நேராக, மணிபோலப் போய்ச் சுவரில் அடித்துத் திரும்பியது. மூலை முழுவதும் கலைந்து கலைந்து, "வருவோம்" என்றது.

"கேக்கலை!" என்றார் டீச்சர்.

"வருவோம்!"

மூன்று கோல் வாங்கினால் என்ன என்பதற்கான பதில் வந்தபோது எதிர்ப்பக்கக் கேலரி எழுந்து நின்று எங்களைப் பார்த்தது. டீச்சர் சட்டென்று உட்கார்ந்து, கழுத்தில் சுற்றியிருந்த எங்கள் அணியின் பச்சை மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "ஐயோ, என்னங்க இப்படிக் கத்திட்டேன்! ஸ்கூல் ஆளுங்க யாராவது பாத்திருப்பாங்களா?" கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைதானத்தையே பார்த்தார். அவர் மைதானத்தைப் பார்த்து நான் கண்டது அன்றுதான். எங்கள் அணி கடைசியில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. அதைப் போட்டது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

வரிகள் எப்படித் தெரியும் என்று டீச்சரைக் கேட்டேன். "ஒவ்வொரு ஆட்டத்தன்னிக்கும் குளியலறையில இதே சங்கீதம். வெளிய உக்காந்து நோட்டுத் திருத்தித் திருத்தி எனக்கே மனப்பாடம். அவர் எங்க மூச்சு விடுவார்னுகூடத் தெரியும்."

இப்போது இருவருக்கும் ஒவ்வொரு வாரமும் சண்டை. டீச்சர் அவசரப்படுகிறார் என்று முதலடிக்குக் குறை. இழுக்கச் சொல்கிறார் என்று டீச்சருக்குக் குறை. "ஒரு கேள்வி கேட்டா, பதில் சொல்றவங்களுக்கு மூச்சு எடுக்க நேரம் கொடுக்கணும்" என்று காற்றுக் குரலில் பாடம் எடுக்கிறார். "இருபது வருஷமா அதைத்தாங்க பள்ளிக்கூடத்துல பண்றேன்" என்கிறார் டீச்சர். கேட்காமல் ஒரு வரியையும் சேர்த்துவிட்டார்: "முட்டி வலிச்சா?" இவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கேலரியில் அதற்குத்தான் பதில் சத்தமாக வருகிறது. பாதிப் பேருக்கு வலிக்கிறது.

முதலடி இப்போதும் வேலைக்குப் போகிறார். பள்ளத்தில் இறங்கும்போது கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருக்கிறார். கத்த முடியாதது வருத்தமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "என் குரல் வெளிய எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. உள்ள இருந்துதானே கேட்டேன். இப்பத்தான் வெளிய உக்காந்து கேக்குறேன். நல்லாத்தான் இருந்திருக்கும் போல."

போன ஞாயிறு நல்ல தூறல். இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். வந்திருப்போர் ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று பெரிய திரை சொன்னது. மூலையில்கூட நாற்காலிகள் நடுநடுவே காலி. டீச்சர் எழவில்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் அவர் வகுப்புப் பிள்ளை ஒன்று அப்பா அம்மாவோடு வந்து உட்கார்ந்து, திரும்பித் திரும்பிக் கை காட்டிக்கொண்டிருந்தது. பேருந்தில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல, மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, அவர் பொதுவாக எங்கேயோ பார்த்தார்.

பந்து வெளியே போனது. முதலடி பக்கவாட்டில் குனிந்து, மனைவியின் விரல்களைப் பையின் வாரிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினார். டீச்சர் எழுந்து நிற்கத் தோதாகப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாரல் படாமல் அதன்மேல் இரண்டு கைகளையும் விரித்து மூடிக்கொண்டார்.