சும்மா கிடந்த கப்பாசிற்றர்கள்

யாழ்ப்பாண நகரில் ஒரு றேடியோக் கடையை மூடியபோது, விற்காமல் கிடந்த கப்பாசிற்றர்களை, அதுதான் மின்தேக்கிகளை, பையோடு என்னிடம் தந்துவிட்டார்கள். பெருவிரல் பருமனில் நீல உருளைகள். ஒருதரமும் பாவிக்காதவை, கால் கம்பிகள் இன்னும் பளபளத்தன. பழைய றேடியோக்களைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதி எப்போதும் என் சாமான்களுக்குத்தான்.

போன வருஷம் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக் காலையில், புத்தூரிலிருந்து அண்ணை ஓர் அம்பிளிபயரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அவர்களுடைய விளையாட்டுக் கழகத்தினுடையது.

"தங்கச்சி, வாற ஞாயிறு கரப்பந்தாட்டப் போட்டி. இது ஒரே இரையுது. அறிவிக்கிறது ஒண்டும் விளங்குதில்லை."

திறந்து பார்த்தேன். மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கப்பாசிற்றர்கள் இரண்டும் தலை வீங்கியிருந்தன. அதே அளவில் என் பையில் இருந்தவற்றை மாற்றிப் போட்டேன். இரைச்சல் நின்றது. அண்ணை மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே 'டமார்' என்றது. வெள்ளைப் புகை, மூக்கைப் பிடிக்கவைக்கும் நாற்றம், காற்றெல்லாம் கடதாசித் துகள். என் கணவர் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த புட்டின்மேல் அவ்வளவும் பூப்போல இறங்கியது. அண்ணை மேசைக்குக் கீழே இருந்தார்.

"இஞ்சேரும், நான் போட்ட தேங்காய்ப்பூ காணாதெண்டோ இதையும் தூவினீர்?" என்றார் கணவர்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இணையத்தில் தேடி வாசித்தேன். இந்த வகைக் கப்பாசிற்றருக்குள் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். வருஷக்கணக்காக மின்சாரம் படாமல் கிடந்தால் அது நைந்துபோகும். அந்த நிலையில் முழு வோல்ற்றையும் ஒரேயடியாகக் கொடுத்தால் மின்சாரம் கசிந்து, சூடேறி, வெடித்துவிடும். மெல்ல மெல்லக் கொடுத்தால் படலம் திரும்பவும் வளரும்.

"அப்ப, வேலை செய்யாமல் சும்மா இருந்தே பழுதாப் போச்சோ?" அண்ணைக்கு நம்ப முடியவில்லை.

"ஓம். உங்கடை கழகத் தலைவர் மாதிரி."

"நான்தானே பிள்ளை தலைவர்!"

"அதுதான் சொன்னனான்."

மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு றெசிஸ்ரர் வழியாக, குறைந்த வோல்ற்றில் தொடங்கி ஆறுதலாக, மெல்ல மெல்ல ஏற்றினேன். புட்டுக்குப் பாதுகாப்பாகக் கணவர் ஒரு பெரிய சட்டியைக் கப்பாசிற்றரின்மேல் கவிழ்த்து வைத்தார். வேலை முடிந்து வந்ததும் உடுப்பு மாற்றாமலே மீற்றரைப் பார்ப்பார். "கசிவு குறையுது, குறையுது!" என்று கிரிக்கெற் ஸ்கோர் சொல்வதுபோலச் சொல்வார். சில எவ்வளவு ஏற்றியும் தேறவில்லை, எறிந்துவிட்டேன். நல்லதாக ஒரு சோடி கிடைத்தது. சனிக்கிழமை அண்ணையும் வந்துவிட, அதைப் பூட்டி, நீள வயர் இழுத்து, மூவரும் முற்றத்தில் நின்று சுவிட்சைப் போட்டோம். ஒன்றும் வெடிக்கவில்லை. கணவர் கை தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை புத்தூர் மைதானத்தில் ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிபோலத் தெளிவாகக் கேட்டது. அண்ணைக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சந்தோஷம். அந்தப் புளுகத்தில் மைக்கை நிற்பாட்ட மறந்து, பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் குனிந்து, "உந்த நடுவருக்குக் கண் தெரியாதோ?" என்று கேட்டார். றோட்டில் போனவர்கள்கூடச் சைக்கிளை நிற்பாட்டித் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். நேரே மேசைக்கு வந்து மைக்கை வாங்கினார்.

"அண்ணை, எனக்குக் கண் தெரியும். காதும் நல்லாக் கேக்குது."

சிரிப்பு அடங்கி ஆட்டம் திரும்பத் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.