தனத்தின் இடது கையும் அலிபிரிப் படிகளும்

நடந்ததையெல்லாம் நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். மழை வராது, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்கும், தனம் ஒரு படி விடாமல் ஏறுவாள், மலைமேல் அவள் கை அசையும். நான்கும் பலித்தன. எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் சரக்கு இல்லை என்பதால்தான்.

தனம் என் மனைவி. நகரியில் எங்களுக்கு இரண்டு பவர்லூம் ஓடுகிறது. போன ஆடியில் ஒரு காலை, காபி டம்ளரை எடுத்தாள், கீழே விழுந்தது. அன்றிலிருந்து வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே உயிரில்லை. புத்தூரில் கட்டுப் போட்டுப் பார்த்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். திருப்பதியில் ஸ்கேன், சென்னையில் நரம்பு டெஸ்ட். காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கைக்கு இன்னொரு வேலை உண்டு. நான் கொஞ்சம் கூட்டிப் பேசுகிற ஆள். நாலு பேர் நடுவில் எல்லை மீறினால், பக்கத்தில் இருக்கும் தனம் யாருக்கும் தெரியாமல் என் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இப்போது நான் எவ்வளவு புளுகினாலும் கேட்பாரில்லை. நல்லதுதானே என்பீர்கள். அது வெறுமையாக இருக்கிறது, ஐயா.

போன தை மாதம் ஒருநாள், திருமலை அடிவாரத்து அலிபிரியில் படிபூஜை செய்யப் போகிறேன் என்றாள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டே மலையேறுவது. எங்கள் பக்கத்தில் வேண்டியது நடந்த பிறகுதான் செய்வார்கள்.

"கை சரியாவட்டும், அப்புறம் செய்யலாம்" என்றேன்.

"அவரு செய்றத அவரு பாத்துக்குவாரு. நான் செய்றத செஞ்சிடறேன்யா" என்றாள்.

நகரியிலிருந்து திருப்பதி பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆதார் கார்டு போதும். எனக்கு எண்பது ரூபாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து அலிபிரிக்கு ஆட்டோ நூற்றைம்பது. "அக்கா கைக்கு ஏமாச்சு அண்ணா?" என்று டிரைவர் தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார். சிறுத்தையோடு சண்டை போட்டாள் என்றேன். பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார். என் தொடை அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தனம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொத்தம் மூவாயிரத்து ஐந்நூற்றைம்பது படி. காலை ஆறுக்குத் தொடங்கினோம். மஞ்சள் கிண்ணம் என் கையில். அவள் குனிந்து குனிந்து இடது கையால் வைத்துக்கொண்டே வந்தாள். பாதி வழிக்கு மேல் வரும் காலிகோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அதே பூஜை செய்துகொண்டு வந்த நாகலாபுரத்து அம்மா ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"இன்னாமே, பீச்சாங்கையால வெக்கிற? சாமிக்கு ஆவுமா அது?"

தனம் நிமிரவில்லை. "சோத்துக் கைய அவரே எடுத்து வெச்சிக்கினாரு. எதுக்குன்னு சொல்லல. மிச்சம் இருக்கிறது இதான். வேணான்னா அத்த திருப்பிக் குடுக்கட்டும்."

"அவரு மேல கோவமா?"

"கோவம்னா வூட்லயே குந்திக்கினு இருப்பேனே. இம்மாந் தூரம் ஏன் வரேன்?"

அந்த அம்மா தன் குங்குமச் சிமிழைத் திறந்து, மேலே போய்ச் சேரும்வரை தனத்துக்கு எட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டே வந்தாள். பிற்பகல் மூன்று மணி ஆயிற்று.

தரிசனக் கூடத்தில் பதினோரு மணி நேரம். பெஞ்சில் அவள் வலப்பக்கம் நான். இந்த மலைக்கு ரோடு போட வழி காட்டியதே எங்கள் தாத்தாதான் என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது இடது தொடையில் ஒரு கிள்ளு. மெதுவாகத்தான். தாத்தாவைப் பாதி ரோட்டிலேயே விட்டுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: பையை அலிபிரியிலேயே கொடுத்துவிடுங்கள், மேலே வாங்கிக்கொள்ளலாம். தரிசன டோக்கன் விதி அடிக்கடி மாறும், கிளம்புமுன் விசாரியுங்கள். முழங்கால்முறிச்சான் ஏற்றத்துக்கு மூச்சை மிச்சம் வையுங்கள். மலையிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் வர வேண்டும், வழியில் யார் வீட்டிலும் இறங்கக் கூடாது.

இதை நெட்டில் போடுவதற்கு முன் தனத்துக்குப் படித்துக் காட்டினேன். கூடத்துப் பகுதி வந்ததும், "அது எப்ப?" என்றாள்.

கிள்ளவில்லை. அது நானாகச் சேர்த்தது. நான்கில் மூன்றுதான் பலித்தது. கர்ப்பக்கிரகத்தில் 'ஜருகண்டி ஜருகண்டி' என்று தள்ளும்வரை அவள் சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லையாம், பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாளாம்.

எடுத்துவிடட்டுமா என்றேன்.

"இருக்கட்டும்யா. அவரும் படிக்கட்டும்."

அதனால் விட்டுவைத்தேன். இதையும் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.