கடல் கேட்கிறதா என்று பார்க்கிறவள்

வலையிலிருந்து ஒரு நண்டைக் கழற்றிக் கூடையில் போடுவாள். தலையைச் சரித்துக் கடல் பக்கம் காதைக் கொடுப்பாள். "கேக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த நண்டுக்குப் போவாள். தாழ்வுபாட்டுக் கரையில் காலையில் பிரான்சிஸ்காவைப் பார்க்கிற புது ஆட்கள் அவளுக்கு மூளையில் கொஞ்சம் தட்டு என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். கடவாய்ப் பல் இல்லாமல் சிரிக்கிற இந்த நாற்பத்தேழு வயது மனுஷியைப் போல, கொடுக்கு முறியாமல் நண்டு கழற்ற அந்தக் கரையில் ஆளில்லை.

பதினைந்து வயதில் ஒரு விடியற்காலை அவளுக்குக் கடல் கேட்காமல் போனது. அலை புரள்வது தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. பிறகு சோற்றில் ருசி போனது, நித்திரை போனது, பள்ளிக்கூடமும் போனது. கண்ணாடியைப் பார்த்தால், தன்னைப் போலவே ஒருத்தி தன்னைத் தெரியாதவள் மாதிரி நின்று பார்த்தாள்.

"பிள்ளைக்குக் கடல்காத்துப் பட்டிட்டுது" என்றாள் தாய். கடல் பக்கத்து யன்னலை ஆணியடித்து மூடினாள். பாம்பு கடித்தவர்களுக்குக் கொடுக்கிற மடு மாதா கோவில் மண்ணைக் கரைத்து ஒன்பது நாள் பருக்கினாள். பத்து மாதம் கழித்து அது தானாகவே போய்விட்டது. மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு எல்லாரும் சங்கதியை மறந்துவிட்டார்கள். யன்னலை மட்டும் யாரும் திறக்கவில்லை.

அது போகவில்லை என்பது பிரான்சிஸ்காவுக்குத் தெரியும். கண்ணாடியில் நின்று பார்த்தவளைப் பற்றிப் புருஷன் கிறகரியிடம் மட்டும் சொல்வாள்: "அவ எங்கையும் போகேல்ல. வீட்டுப் பின்வளவுக்கதான் நிக்கிறா." கலியாணமான வருஷம் வந்தது. மகள் பிறந்த பிறகு வந்தது. ஒரு குறையுமில்லாத நல்ல வருஷத்திலும் வந்தது. ஆறாம் முறை கிறகரி அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். "இது வருத்தம் அம்மா, மருந்து இருக்கிற நோய். முதல்தரம் வந்தபோதே நீங்கள் வந்திருக்கலாம்" என்றார் டொக்டர். இருபத்தெட்டு வருஷம் பிந்திவிட்டதே என்று வீட்டுக்கு வந்து அழுதாள். பாவம், யாரை நோவது? இப்போது டொக்டர் தந்த குளிசை எடுக்கிறாள், கடல் கேட்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நண்டுக்கும் ஒருதரம் கேட்டுப் பார்க்காமல் அவளுக்குக் கை ஓடாது.

போன செவ்வாய்க்கிழமை மகள் செலீனா தேத்தண்ணியோடு கரைக்கு வந்தாள். பதினைந்து வயது. சில நாட்களாகச் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்புகிற பிள்ளை. அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று, அலை வள்ளங்களில் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கடல் ஏன் சத்தம் போடேல்ல?"

மகளிடம் இந்தக் கதையை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நண்டைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எத்தினை நாளாப் பிள்ளை?"

"ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து."

வள்ளத்தடியில் நின்ற கிறகரியின் முகம் கறுத்தது. "காத்துப் பட்டிருக்கும். கொஞ்சம் மடு மண் கரைச்சுக் குடுத்துப் பாப்பமே?" என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே மனுஷன்தான். தன் பிள்ளை என்றதும் பயந்துவிட்டான்.

பிரான்சிஸ்கா பாதி கழற்றிய நண்டை வலையிலேயே விட்டாள். கடல்நீரில் கையைக் கழுவி, மகளைக் கூட்டிப்போய் மோட்டார் சைக்கிளில் ஏற்றினாள். திரும்பி வந்து, மணலில் கிடந்த கிறகரியின் சேட்டுப் பையிலிருந்து மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.