படகுக்காரி சொன்ன வரி

சுலேமா ஃபெர்ராரேசிக்கு ஐம்பத்து மூன்று வயது. ரொசாரியோ நகரில் பதினெட்டு வருடமாக ட்ராலி பஸ் ஓட்டுகிறாள். மேலே ஓடும் மின்கம்பியிலிருந்து, மின்சாரம் எடுக்கும் பஸ்ஸின் கூரைக் கொம்பு நழுவிவிட்டால், தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்பக்கம் போவாள். கயிற்றை இழுத்துக் கொம்பைக் கம்பியில் பொருத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்துகொள்வாள். மழையிலும் அப்படித்தான். பயணி யாராவது முணுமுணுத்தால் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

அப்படி நிதானமானவள், ஒரு புத்தகத்தில் வரும் படகுக்காரிக்காகத் திரையரங்கில் எழுந்து நின்று சத்தம் போட்டாள். நான் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

‘உப்புக் கதவு’ என்று ஆறு பாகமாக வந்த மாயக் கதை அது. கைவிடப்பட்ட உப்புச் சுரங்கம் ஒன்றின் கடைசியில் ஒரு கதவு. அதைத் திறந்துகொண்டு வேறொரு நாட்டுக்குப் போய்விடும் ஏல்மா என்ற பெண்ணின் கதை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. நாங்கள் எல்லோரும் ஸ்பானிய மொழிபெயர்ப்பில் படித்தோம். மூன்றாம் பாகத்தின் முடிவில் ஏல்மா செத்த ஏரியைக் கடந்தாக வேண்டும். அங்கிருக்கும் படகுக்காரி துடுப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் சொல்வாள்: “பயப்படாதே என்று சொல்லமாட்டேன். நானும் பயந்துகொண்டேதான் துடுப்புப் போடுகிறேன்.”

அந்த வரியைச் சுலேமா படித்தது பணிமனை வாசலில். கணவன் விட்டுப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. பெண்களையும் ட்ராலி பஸ் ஓட்ட எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டாள். அதுவரை சின்னக் காரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. பயிற்சி முடிந்து முதல் நாள், வண்டி கிளம்ப அரைமணி நேரம் இருந்தது. பயத்தை மறக்கத்தான் பையிலிருந்த புத்தகத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்துபோய் வண்டியை எடுத்தாள். “அன்னிக்கு நான் தனியா ஓட்டல, அவளும் கூட இருந்தா” என்று இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள்.

படத்தில் அந்தக் காட்சி வந்தபோது படகுக்காரி ஒன்றுமே பேசவில்லை. ஏல்மாவைப் பார்த்தாள், துடுப்பைத் தண்ணீரில் இட்டாள், படகு நகர்ந்தது. சுலேமா எழுந்து, “எங்கே அந்த வரி?” என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். அரங்கம் முழுவதும் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “புத்தகத்துலயே விட்டுட்டு வந்துட்டாங்க, போய் எடுத்துட்டு வாங்க” என்றது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் எவரிஸ்தோ. குழாய் வேலை செய்பவன். புத்தகத்தை ஒரு பக்கம்கூடப் புரட்டாமல், ஒவ்வொரு படத்தையும் எட்டுத் தடவை பார்த்தவன். படம் முடிந்ததும் நடைபாதையில் இருவருக்கும் சண்டை தொடங்கியது. சுற்றி நின்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அரங்கத்தின் விளக்கை அணைத்த பிறகும் முடியவில்லை. “சனிக்கிழமை என் கடைக்கு வாங்க, உட்கார்ந்து சண்டை போடலாம்” என்று நான்தான் சொன்னேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நகலகம் உண்டு. அன்றிலிருந்து எனக்கு ‘ஜெராக்ஸ்’ என்று பெயர். எங்கள் கூட்டத்துக்கு வயது எட்டு.

சுலேமாவிடம் ஒரு நோட்டு இருந்தது. படங்கள் புத்தகத்திலிருந்து விலகிய இடங்களை அதில் எண் போட்டு எழுதி வைத்திருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருந்தது. குதிரையின் நிறம், கோபுரத்தின் படிக்கட்டு, ராணியின் வயது எல்லாம் அதில் உண்டு. மாத்தே என்ற இலைத் தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டே போகும், இனிப்பு ரொட்டித் தட்டு காலியாகும், அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள்.

“எண் எழுபத்தொன்பது. புத்தகத்துல காவல்கார அண்ணன் தம்பி ரெண்டு பேரு. படத்துல ஒருத்தன்.”

“ஒருத்தன் கதவைத் திறப்பான், இன்னொருத்தன் மூடுவான். அதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?” என்பான் எவரிஸ்தோ.

“அப்ப உன் வீட்டுல சுடுதண்ணிக் குழாயையும் பச்சத்தண்ணிக் குழாயையும் ஒண்ணாக்கிடு.”

“நிறைய வீட்டுல ஒண்ணாத்தான் இருக்கு. நானே மாட்டிக் கொடுத்திருக்கேன்.”

அவன் சிரிக்கும்போது அவளும் சிரித்துவிடுவாள். ஆனால் எண் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சிரிக்கமாட்டாள். எண் ஒன்று படகுக்காரி. “மத்ததெல்லாம் கைப்பிசகு. இது திருட்டு” என்பாள். அந்த இடத்தில் எவரிஸ்தோவும் அடங்கிப்போவான்.

போன வருடம் நான்காவது படம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். எங்கள் பேட்டை நூலகத்தில் ஒரு விவாதம் வைக்கலாம் என்று பேசி முடித்தோம். புத்தகத்தின் பக்கம் சுலேமா, படத்தின் பக்கம் எவரிஸ்தோ. வந்தவர்கள் கைதூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சுவரொட்டி என் கடையில்தான் அச்சாகியது.

விவாதத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஹோர்கெலினா கனடாவிலிருந்து திரும்பினாள். அவளும் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவள், ஆங்கில டீச்சர். அக்காவைப் பார்க்கப் போனவள், ஆறு பாகத்தையும் ஆங்கிலத்தில் வாங்கி வந்திருந்தாள். “சுலேமா, உனக்காகத்தான். மூல வரியையே மேடையில படிச்சுக் காட்டு. இவன் வாயடைச்சுப் போகட்டும்” என்று மூன்றாம் பாகத்தைத் திறந்தாள்.

படித்தாள். ஒரு பக்கம் முன்னால் போனாள். இரண்டு பக்கம் பின்னால் வந்தாள்.

“என்ன, கிடைக்கலையா?” என்று கேட்டேன்.

“இடம் கிடைச்சிருச்சு” என்றாள் ஹோர்கெலினா. “வரிதான் இல்ல.”

“சரியாப் பாரு.”

“பாத்துட்டேன். ‘படகுக்காரி எதுவும் சொல்லவில்லை. துடுப்பைத் தண்ணீரில் இட்டாள்.’ இவ்வளவுதான் இருக்கு.”

எட்டு வருடமாக இப்படி ஒரு நாளுக்குக் காத்திருந்த எவரிஸ்தோ, கையிலிருந்த ரொட்டியை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, “வேற பதிப்பா இருக்கும்” என்றான். சுலேமா நோட்டை மூடிப் பையில் வைத்தாள். “வண்டி நேரமாச்சு” என்று சொல்லிப் போனாள். அன்று அவளுக்கு விடுமுறை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் புதன்கிழமை எவரிஸ்தோ என் கடைக்கு வந்தான்.

“அவ வண்டியில ஏறினேன் ஜெராக்ஸ். எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்ல. சும்மா ஏறி முன்சீட்டுல உட்கார்ந்துக்கிட்டேன்.”

“பேசினாளா?”

“கடைசி நிறுத்தம் வரைக்கும் பேசல. அங்க வந்ததும் திரும்பி, ‘அந்த ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்’னா. மொழிபெயர்த்த ஆளை. பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கா. ஆத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டுல, கொலோனியாவுல இருக்காராம். ஞாயித்துக்கிழமை நேர்ல போறாளாம்.”

“தனியாவா?”

“நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். நீயும் வர்ற. அவ அந்த ஆளை அடிச்சிட்டா பிடிக்கிறதுக்கு ரெண்டு பேரு வேணும்.”

சனிக்கிழமை புவெனோஸ் ஐரெஸ் போய்த் தங்கி, காலையில் கப்பல் ஏறினோம். சுலேமா ஜன்னலோரம் உட்கார்ந்து பழுப்பு நிறத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். எவரிஸ்தோ ஏதேதோ பேசிப் பார்த்தான். கடைசியில் அவளே சொன்னாள்: “எட்டு வருஷமா அந்தப் படக்காரங்களைத் திருடங்கன்னு சொல்லிட்டிருந்தேன். அவங்க அந்த இடத்தை எழுத்துப் பிசகாம எடுத்திருக்காங்க.”

“அதுல என்ன இப்ப. நான்கூடத்தான் உன்னைத் திட்டினேன்.”

“நீ திட்டினது சரியாத்தானே இருந்துச்சு. அதுதான் தாங்க முடியல.”

உபால்தோ அரோசேனா மொழிபெயர்ப்பை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. ஊருக்கு வெளியே செடி நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். அறுபதுக்குக் கிட்ட வயது, முழங்கால்வரை சேறு. சுலேமா தன் பெயரைச் சொல்லி, மூன்றாம் பாகத்தைப் பையிலிருந்து எடுத்ததும் அவர் முகம் மாறியது. கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தார்.

“படகுக்காரிதானே?” என்றார்.

“எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் சுலேமா.

“இருபது வருஷமா ஒருத்தர் வந்து கேப்பாங்கன்னு காத்திட்டிருக்கேன். வக்கீல் யாராவது வருவாருன்னு நெனச்சேன்.”

அவருடைய மனைவி மிரெய்யா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “வந்துட்டாங்களா? நான் அப்பவே சொன்னேன், நீ பிடிபடுவேன்னு” என்று சொல்லிவிட்டு எங்களுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

அவர் மறைக்காமல் சொன்னார். அந்த அத்தியாயத்தை மொழிபெயர்த்த வாரம் மிரெய்யாவுக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதினார். உள்ளே கொண்டுபோகும்போது மனைவி அவரைப் பார்த்தாள். தைரியமாக ஏதாவது சொல்ல நினைத்தும் அவருக்கு வார்த்தை வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது படகுக்காரி பேசாமல் துடுப்புப் போடும் இடம் வந்தது.

“அவ பேசாம இருந்தது என்னால பொறுக்க முடியல. ஒரு வரி எழுதிட்டேன். அப்புறம் அடிச்சிடலாம்னுதான் இருந்தேன். இவ நல்லா எழுந்து வந்துட்டா. அடிக்க மனசு வரல. ஒப்பிட்டுப் பாக்கவும் ஆள் இல்ல, அப்படியே அச்சாயிடுச்சு. தப்புதான் அம்மா. ஒருத்தர் எழுதின புத்தகத்துல நான் கை வைக்கக்கூடாது.”

சுலேமா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பணிமனை வாசலில் அந்த முதல் நாளைப் பற்றி அவரிடம் சொன்னாள். எங்களுக்குச் சொல்லாத சிலதையும் சொன்னாள். முந்தின இரவு தூங்காததும், ராஜினாமாக் கடிதம் ஒன்றைக்கூட எழுதிப் பையில் வைத்திருந்ததும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எவரிஸ்தோ ஏதோ செடியின் பெயர்ப்பலகையை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

“தப்புதான்” என்றாள் சுலேமா கடைசியில். “இருந்தாலும் என் பிரதியில அந்த வரி இருக்கட்டும். சரி, வேற எங்கெல்லாம் கை வச்சீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். “சொல்லிடு, வந்தது வந்துட்டாங்க” என்றாள் அவள்.

“நாலாம் பாகத்துல ஒரு பாட்டு. நாலு பக்கம். எதுகை அமையல, எடுத்துட்டேன். அப்புறம் அஞ்சாம் பாகத்துல ஒரு ஆடு வரும் பாருங்க.”

“ஆடு?” என்று எவரிஸ்தோ எழுந்தே விட்டான். “மடத்துக் கூரைமேல ஏறி நிக்குமே, இவ படிச்சுக் காட்டினாளே, அந்த ஆடா?”

“அது மூலத்துல இல்ல.”

“நான் சொன்னேனா இல்லையா? ஜெராக்ஸ், நான் சொன்னேனா இல்லையா? அந்த ஆடு கதைக்கு எதுக்கு வருது, எதுக்குப் போகுதுன்னு மூணு வருஷமாக் கேட்டுட்டிருக்கேன்.”

“எங்க வீட்டு ஆடு அது” என்றாள் மிரெய்யா. “அந்த வருஷம் கூரையை விட்டு இறங்கவே மாட்டேன்னுச்சு.”

சுலேமா வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன். மதியம் அங்கேயே சாப்பிட்டோம். கிளம்பும்போது ஒரு எலுமிச்சைச் செடியைக் கொடுத்தார்கள். கப்பலில் அதை எவரிஸ்தோ குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

விவாதத்தன்று நூலகத்தில் உட்கார இடமில்லை. சுலேமா முதலில் பேசினாள். நோட்டைத் திறந்து எண் ஒன்றை வாசித்தாள். பிறகு பேனாவை எடுத்து எல்லோரும் பார்க்க அதை அடித்தாள்.

“இந்தக் குற்றச்சாட்டைத் திரும்ப வாங்கிக்கிறேன். படம் புத்தகத்துக்கு உண்மையா இருந்துச்சு. நான் படிச்ச புத்தகம்தான் உண்மையா இல்ல. அந்தப் பொய்யான வரியை நம்பித்தான் நான் முதல் நாள் வண்டியை எடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரையும் இடிச்சதில்ல. மீதி நானூத்திப் பதினொண்ணுல எனக்குச் சந்தேகம் இருக்கு. ஒவ்வொண்ணாப் பாத்துட்டுச் சொல்றேன்.” உட்கார்ந்துவிட்டாள்.

எவரிஸ்தோ எழுந்தான். கையில் ஐந்து பக்கக் குறிப்பு இருந்தது. அதைப் பார்த்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “படத்துக்காகப் பேசத்தான் வந்தேன்” என்றான். “ஆனா அந்த வரி படத்துல இருந்திருக்கலாம். எட்டுத் தடவை பாத்தவன் சொல்றேன், அந்த இடத்துல எனக்கும் என்னவோ குறையுதுன்னு தோணும்.”

ஆளுக்கொரு பக்கம் மாறிப் பேசியதில் யாருக்குக் கைதூக்குவது என்று கூட்டம் குழம்பிப்போனது. எண்ணிப் பார்த்தால் படத்துக்கு நாற்பத்தொன்று, புத்தகத்துக்கு முப்பத்தெட்டு. நூலகத்துப் பெண் மறுபடி எண்ணச் சொன்னாள். “வேண்டாம், தோத்துட்டேன்” என்றாள் சுலேமா.

இப்போது சனிக்கிழமைகளில் ஆங்கிலப் பிரதியையும் ஸ்பானியப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறோம். ஹோர்கெலினா ஆங்கிலத்தைச் சொல்லச் சொல்ல, எவரிஸ்தோ ஸ்பானியத்தை உரக்க வாசிக்கிறான். அவன் புத்தகம் படிப்பது இப்போதுதான். நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறான், யாரும் அவசரப்படுத்துவதில்லை. சுலேமா கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் பத்து நிமிட ஓய்வில் ஆங்கிலச் சொற்களை எழுதிப் பழகுகிறாள். இரண்டாம் பாகத்தின் பாதிக்கு வந்திருக்கிறோம்.

போன வாரம் ஓர் அத்தியாயத்தில் சமையல்காரன் ஒருவன் ஏல்மாவுக்குச் சூப் கொடுக்கும் இடம் வந்தது. ஆங்கிலத்தில் அது வெறும் சூப். ஸ்பானியத்தில் பூசணிக்காயும் சோளமும் போட்ட சூப்.

“பாத்தியா, இங்கயும் கை வச்சிருக்காரு” என்றான் எவரிஸ்தோ.

“அதனால என்ன? பசியோட வந்த பொண்ணு. நல்லாச் சாப்பிடட்டும்.”

“அப்படின்னா காவல்காரங்க ரெண்டு பேரை ஒருத்தனாக்கினதும் தப்பில்ல.”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து இன்னொரு கெட்டில் தண்ணீரை அடுப்பில் வைத்தேன்.